ஜீ.ஐ. பைப் வளைத்தல்: போட்ட வயர் திரும்ப வெளியே வரவேண்டும்

1983க்குப் பிறகு ஊரைவிட்டு வெளிக்கிட்ட எம்மவர்களில் சிலர், ஐரோப்பாவுக்கோ கனடாவுக்கோ போக முன்னர் வளைகுடாவில் வேலை செய்தவர்கள். இன்றும் அங்கே வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கைபட்ட ஒரு தொழிலைப் பற்றியே இம்மாத உரை: மின்சார வயர் ஓடும் இரும்புக் குழாய், அதாவது ஜீ.ஐ. பைப்.

டுபாயிலும் ஷார்ஜாவிலும் வீட்டுச் சுவருக்குள் பெரும்பாலும் பி.வி.சி. குழாய்தான் போகிறது. இரும்புக்கு வேலை வருவது வாகனத் தரிப்பிடம், மொட்டைமாடி, பம்ப் அறை போன்ற அடிபடும், வெயில்படும் இடங்களில். அங்கே குழாய் வெளியே தெரியும். அதனால் நேர்த்தி என்றதும் பலர் கண்ணுக்கு அழகு என்று மட்டுமே நினைக்கிறார்கள். குழாய் போடுவதே, நாளைக்கு வயர் பழுதானால் எதையும் உடைக்காமல் இழுத்தெடுத்துப் புதியது போடுவதற்காகத்தான். வளைவு நசுங்கியிருந்தால் அந்த வயர் அசையாது.

ஆகவே பிரித்தானிய முறையில் ஒரு கணக்கு உண்டு. வளைவின் உட்பக்க ஆரை குழாயின் வெளிவிட்டத்தைப்போல் இரண்டரை மடங்குக்குக் குறையக்கூடாது. 20 மில்லிமீற்றர் குழாய்க்கு அது 50 மில்லிமீற்றர். ஒரு பெட்டிக்கும் அடுத்த பெட்டிக்கும் இடையில் இரண்டு செங்கோண வளைவுக்கு மேல் போகாமல் பார்ப்பார்கள். முழங்காலில் வைத்து வளைக்கிற கெட்டித்தனம் வேண்டாம். அளவுக்கேற்ற அச்சுள்ள பென்டிங் மெசினில் வையுங்கள்.

தூணோ பீமோ குறுக்கிட்டால் குழாய் விலகி ஓடவேண்டும். அதற்கு இரண்டு வளைவு. 30 பாகையில் வளைத்தால், எவ்வளவு விலகவேண்டுமோ அதன் இரண்டு மடங்கு இடைவெளியில் அடையாளம் போடுங்கள். 5 சென்ரிமீற்றர் விலக 10 சென்ரிமீற்றர். குழாய் சரிந்து போவதால் நீளத்தில் சுமார் 13 மில்லிமீற்றர் குறையும். வெட்ட முன்னர் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வளைத்ததைச் சமதரையில் வைத்துப் பாருங்கள். ஆடினால் இரண்டு வளைவும் ஒரே தளத்தில் இல்லை. அதைச் சுவரில் சடில் போட்டு இறுக்கி மறைக்கமுடியாது.

கண்ணுக்குத் தெரியாத வேலைதான் உயிரோடு சம்பந்தப்பட்டது. வெட்டிய வாயின் உட்புறப் பிசிரை ரீமரால் அல்லது அரத்தால் எடுக்காவிட்டால், இழுக்கும்போது வயரின் தோல் உரிந்துவிடும். எர்த் தொடர்பும் எங்காவது விட்டிருந்தால் முழுக் குழாயிலும் மின்சாரம் நிற்கும், தொடுகிறவர் யார் என்று அது பார்க்காது. கப்ளர்களைக் கையால் திருகி விடாமல் குறடு போட்டு இறுக்குவது இதற்காகத்தான். இன்னொன்று: ஒரு சுற்றின் பேஸ், நியூட்ரல் வயர்களை வேறுவேறு இரும்புக் குழாயில் கொண்டுபோகாதீர்கள். சேர்ந்து போனால் அவற்றின் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று ஈடுசெய்யும். பிரிந்தால் குழாயே சூடேறும்.

வளைகுடாவின் வெயிலுக்கும் கணக்கு இருக்கிறது. 30 மீற்றர் ஓடும் இரும்பு, 40 பாகை வெப்பம் ஏறினால் சுமார் 14 மில்லிமீற்றர் நீளும். கடலோர ஈரக்காற்று, ஏசி போட்ட அறைக்குள் வரும் குழாயில் தண்ணீராக மாறி உள்ளே தேங்கும். வெளியிலிருந்து வரும் குழாய் வாயை அடைத்துவிடுவது நல்லது. மரை வெட்டிய இடத்தில் துத்தநாகப் பூச்சு போய்விடுவதால், துத்தநாகப் பெயின்ற் பூசாவிட்டால் அங்கேதான் முதலில் துருப்பிடிக்கும்.

சவூதியில் அமெரிக்க முறைப்படி நடக்கும் வேலைத்தலங்களில் ஈ.எம்.ரி. என்ற மெல்லிய குழாய் இருக்கும். அதற்கு மரை வெட்டுவதில்லை, திருகாணி வைத்த இணைப்புத்தான். வளைவுகள் மொத்தம் 360 பாகைவரை போகலாம். கனடாவிலும் அதே குழாய், அதே 360 பாகைதான். லண்டனுக்குப் போனவருக்கு டுபாய்ப் பழக்கம் கைகொடுக்கும். ரொறன்ரோவுக்குப் போனவருக்குச் சவூதிப் பழக்கம்தான் உதவும். வேலைக்கு மனுப்போடும்போது “எலெக்ட்ரீசியன்” என்று மட்டும் எழுதாமல், எந்தக் குழாயில், எந்த முறையில் வேலை செய்தீர்கள் என்றும் எழுதுங்கள்.

மொட்டைமாடியில் வேலை செய்கிற உறவினர் உள்ள குடும்பங்களுக்கு ஒரு தகவல்: ஐக்கிய அரபு அமீரகத்தில் கோடையில் நேரடி வெயிலில் மதிய வேலைக்குத் தடை 2005இல் வந்தது. இப்போது அது யூன் 15 முதல் செப்ரெம்பர் 15 வரை, பகல் 12.30 முதல் 3 மணிவரை. வெயிலில் கிடந்த ஜீ.ஐ. பைப்பை அந்நேரம் வெறுங்கையால் பிடிக்கவே முடியாது.