குலுக்கலில் ஒரு கோணல்

2010 மார்ச்சில் ஐரோப்பாவின் விண்டோஸ் கணினிகளில் ஒரு புதுத் திரை வரத் தொடங்கியது. எந்த பிரவுசர் வேண்டுமோ நீங்களே தேர்ந்துகொள்ளுங்கள் என்றது. விண்டோஸோடு இன்டர்நெட் எக்ஸ்புளோரரையும் சேர்த்தே கொடுத்ததை எதிர்த்து ஐரோப்பிய ஆணையம் தொடுத்த வழக்கின் விளைவு அது. முன்னணி பிரவுசர்கள் ஐந்தின் வரிசை ஒவ்வொரு முறையும் குலுக்கப்பட வேண்டும் என்று ஏற்பாடு.

குலுக்கல் நடக்கத்தான் செய்தது. ஐபிஎம்மில் இருந்த ராப் வியர் அதைத் திரும்பத் திரும்ப ஓட்டி எண்ணிப் பார்த்தார். இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் திறந்தால், கிட்டத்தட்ட பாதித் தடவை அதுவே ஐந்தாம் இடத்தில் வந்து உட்கார்ந்தது. நியாயப்படி ஐந்தில் ஒரு தடவைதான் வர வேண்டும். இதைச் சதி என்று சொல்ல மனம் வரவில்லை. ஒரு வரியில் வேலையை முடிக்கும் ஆசைதான். மைக்ரோசாஃப்ட் பிறகு திருத்திவிட்டது.

அந்தத் திரை ஓடிய ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் பட்டியலைக் குலுக்கத் தனிக் கட்டளை கிடையாது. வரிசைப்படுத்தும் ‘சார்ட்’ உண்டு. அது இரண்டிரண்டாக எடுத்து ‘எது முன்னால்?’ என்று கேட்கும். அந்த இடத்தில் நாணயம் சுண்டிய மாதிரி ஏதாவது ஒரு பதிலைச் சொல்லிவிட்டால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். சார்ட்டோ நம் பதிலை நம்பி நடப்பது. அ, ஆவுக்கு முன்; ஆ, இ-க்கு முன் என்று தெரிந்தால், அ-வையும் இ-யையும் ஒப்பிடாமலே முடிவுகட்டிவிடும். சிலவற்றைப் பலமுறை நகர்த்தும், சிலவற்றை இருந்த இடத்தை ஒட்டியே விட்டுவிடும்.

சரியான வழியைப் புள்ளியியலாளர்கள் ஃபிஷரும் யேட்ஸும் 1938-லேயே காகிதம் பென்சிலுக்காக எழுதிவைத்தார்கள். கணினிக்கு ஏற்றபடி அதை 1964-இல் மாற்றித் தந்தவர் டர்ஸ்டன்ஃபெல்ட். ஐந்து பெயரில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் எடுத்து, கடைசியில் இருப்பதோடு இடம் மாற்று. இனி அந்தக் கடைசி இடத்தைத் தொடாதே. மீதி நான்கில் ஒன்றை எடுத்து, நான்காம் இடத்தோடு மாற்று. இப்படியே கீழிறங்கு.

‘தொடாதே’ என்பதில்தான் சூட்சுமம். மூன்று பெயருக்கு இம்முறையில் 3 × 2 = 6 வழிகள்; சாத்தியமான வரிசைகளும் ஆறே. ஒவ்வொரு படியிலும் மூன்றில் எதை வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று தளர்த்தினால் வழிகள் 27. ஆறால் வகுபடாது; மூன்று வரிசைகளுக்கு ஐந்தைந்தும் மற்ற மூன்றுக்கு நான்கு நான்கும் கிடைக்கும்.

பிஎச்பி மொழியில் எழுதுபவர்களுக்கு இந்த வேலையே இல்லை, ‘ஷஃபிள்’ ஆயத்தமாக இருக்கிறது. ஆனால் ஊர்ப் பெயரைச் சாவியாக வைத்து மழையளவைச் சேமித்த பட்டியலை அதனிடம் கொடுத்துவிடாதீர்கள். சாவிகளையெல்லாம் அழித்து 0, 1, 2 என்று புதிதாகப் போட்டுவிடும். எந்த மழை எந்த ஊரில் பெய்ததென்று பிறகு கண்டுபிடிக்க முடியாது.