உங்களுக்குத் தெரியுமா? சென்னைக்குத் திருப்பிக் கொடுத்த ஸ்பானியர்

கிண்டியில் மெட்ரோ ஏறி சென்ட்ரலில் இறங்கினால் நேரு ஸ்டேடியம் பக்கம்தான். 2015 டிசம்பரில் சென்னையின் எஃப்சி கால்பந்து அணி அங்கே ஆடவேண்டிய ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) அரையிறுதி, சென்னை வெள்ளத்தால் புனேவுக்குப் போனது. ஊர் மாறியும் சென்னைக்கு 3-0 வெற்றி! தோற்ற கொல்கத்தா அணியின் பயிற்சியாளர் ஸ்பெயின்காரரான அன்டோனியோ லோபஸ் ஹபாஸ். 1997 கோப்பா அமெரிக்காவில் பொலிவியாவை இறுதிப்போட்டிவரை கொண்டுபோனவர்; 2014-இல் முதல் ஐஎஸ்எல் கோப்பையை வென்றவர். லேசுப்பட்ட ஆளா? வட்டியும் முதலுமாகத் தீர்த்தார்.

2020 மார்ச் 14, கோவா இறுதிப்போட்டி. கொரோனா அச்சத்தால் கேலரி காலி. ஹபாஸின் கொல்கத்தா 3, சென்னை 1. நம்ம சென்னை வீரர் வால்ஸ்கிஸ் அடித்த கோல் ஆறுதலுக்குத்தான் ஆயிற்று. ஐஎஸ்எல் கோப்பையை இரண்டு முறை வென்ற முதல் பயிற்சியாளரானார் ஹபாஸ். 2024-இல், 66 வயதில், கொல்கத்தாவின் மோகன் பகான் அணிக்கு ஐஎஸ்எல் லீக் சுற்றில் முதலிடம் பிடிப்பவருக்கான ஷீல்டும் வாங்கிக் கொடுத்தார்.