கல் கற்பிக்கும் பாடம்

பனிக்கட்டியைக் கண்ணாடிக் குவளையில் மாத்திரம் கண்டு பழகிய நமக்கு, அதன்மேற் கல்லை வழுக்கவிட்டு ஆடும் ஆட்டம் ஒன்று உண்டென்பது வியப்பாகத் தோன்றலாம். கேர்லிங் என்னும் அவ்வாட்டம் ஸ்கொத்லாந்தில் 16ஆம் நூற்றாண்டு முதலே வழங்கி வருவது. 1838இல் எடின்பரோவில் அதற்கெனப் பெருங்கழகம் ஒன்று நிறுவப்பட்டது. 1998இல் ஜப்பானின் நகானோவில் நிகழ்ந்த குளிர்கால ஒலிம்பிக் விழா முதல், அது பதக்கத்துக்குரிய ஆட்டமாக நிலைபெற்றுள்ளது. இதனைப் பயிலும் முறையிலே, எக்கல்வியைக் கற்போர்க்கும் பயன்படக்கூடிய உண்மையொன்று பொதிந்து கிடக்கின்றது. அதனையே இங்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

ஆடுகல் ஏறத்தாழ 20 கிலோகிராம் வரை நிறையுடையது. மேலே கைப்பிடி பொருத்தியது. ஸ்கொத்லாந்துக் கரைக்கு அப்பாலுள்ள அயில்சா கிறெயிக் என்னும் சிறு தீவின் கருங்கல்லே இதற்குப் பேர்போனது. ஆடுவோர் ஒரு காலைப் பிடிப்பில் ஊன்றி உந்தி, மறுகாலால் வழுக்கிச் சென்று, கல்லை மெல்லச் சுழற்றி விடுவர். அப்பிடிப்பிலிருந்து 126 அடி தொலைவில் இலக்கு வட்டங்களின் நடுப்புள்ளி உள்ளது. அங்கே அணித்தலைவர் துடைப்பத்தை நிறுத்திக் குறி காட்டுவார். கல்லோ, வேகம் தணியத் தணிய ஒரு புறமாக வளைந்து செல்லும். தோழர் இருவர் அதன் முன்னே விரைந்து பனியைத் தேய்ப்பர். தேய்த்த பனி சிறிது வெப்பமுற்று உராய்வு குறைவதால், கல் இன்னும் தூரமாகவும் நேராகவும் செல்லும்.

இங்கேதான் சிக்கல் தொடங்குகின்றது. கல் நடுவட்டத்தில் நின்றுவிட்டால், விட்டவர் தமது திறமையே காரணமென மகிழ்கின்றார். ஆயின், குறைந்த வேகத்தில் விட்ட கல்லைத் தோழர் தேய்த்துக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கலாம். குறி தவறி விட்ட கல்லைச் சுழற்சிப் பிழை வேறு புறமாக வளைத்து, தற்செயலாக உரிய இடத்தில் நிறுத்தியிருக்கலாம். பிழையிரண்டு கூடி ஒரு வெற்றியாவதும் உண்டு! ஆகவே, கல் நின்ற இடம் மாத்திரம் கையின் தகுதியைக் கூறாது.

இதனாலன்றோ நல்ல பயிற்றுநர் திசை, வேகம், சுழற்சி என்னும் மூன்றையும் தனித்தனியே பிரித்துப் பழக்குகின்றனர்? முதலிற் கல்லின்றியே வழுக்கிப் பழகவேண்டும். கல்லின்மேற் சாய்ந்து நிற்பவரின் சமநிலைக் குறை அப்பொழுது வெளிப்பட்டுவிடும். பின்னர், தேய்ப்பவரின்றி ஒரே குறிக்குப் பல முறை விடவேண்டும். வேகம் காலின் உந்தலால் வரவேண்டியது. விடும் தறுவாயிற் கையாலும் தள்ளுவது தொடக்கநிலையினர் பலரிடமும் காணப்படும் பிழை. அது வேகத்தோடு திசையையும் கெடுத்துவிடும்.

இப்பிழையை அதனைச் செய்பவர் காணமாட்டார். கண் குறியில் நிற்க, கை தன் போக்கிற் செல்லும். எனவே, எதிரே குறிகாட்டி நிற்பவர் கல் புறப்பட்ட திசையைக் கூறவேண்டும். அருகே நிற்பவர், கல் முதல் 27 அடியைக் கடக்கும் நேரத்தைக் கடிகாரத்தால் அளக்கவேண்டும். அதிற் பத்திலொரு பங்கு வினாடி வேறுபட்டாலும், கல் பல அடி தள்ளி நின்றுவிடும். இக்காலத்திற் கைத்தொலைபேசியிற் பிடித்த அசைபடமும் உதவுகின்றது.

அவற்றினும் மேலான முறை ஒன்றுண்டு. கல்லை விட்டவுடன், "குறிக்கு இடப்புறம் சென்றது, வேகம் சற்று மிகுந்தது" எனத் தாமே முதலிற் கூறிவிட்டு, அதன்பின்னரே தோழரின் சொல்லைக் கேட்டல். இரண்டுக்கும் உள்ள இடைவெளி நாளுக்கு நாள் குறையுமாயின், தம்மைத் தாமே திருத்தும் ஆற்றல் வளர்கின்றதென அறியலாம். அவ்வாறின்றி ஆயிரம் முறை விடினும், பிழையே உறுதிப்படும்.

தோழரின் உரையும் பயன்படத்தக்கதாய் அமைதல் வேண்டும். "நன்று" என்பதாலும் "தவறு" என்பதாலும் யாதும் விளங்காது. "கை கடைசியில் வெளியே திரும்பிற்று" என்பதே திருத்தத்துக்கு வழிகாட்டும். விடையை மாத்திரம் சரிபார்த்து வழியைப் பார்க்காமல் விடும் ஆசிரியராகிய நாமும், புள்ளியை மாத்திரம் கேட்கும் பெற்றோரும் இதனைச் சிந்தித்தல் தகும்.

இவ்வாட்டத்தில் மரபொன்று உண்டு. ஓடும் கல்லில் ஒருவரின் காலோ துடைப்பமோ பட்டுவிட்டால், பிறர் காணாவிடினும் அவர் தாமே அதனை அறிவித்தல் வேண்டும். தம் பிழையைத் தாமே எடுத்துரைக்கும் அந்நேர்மை, ஆட்டத்துக்கு மாத்திரமன்றிப் பயிற்சிக்கும் உயிராகும். மாணவர்களே, உங்கள் பிழையை அன்போடு எடுத்துச் சொல்லும் தோழர் ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள். அவர் சொல்லுமுன் நீங்களே சொல்லவும் பழகுங்கள்.