பகடைக்குப் போட்ட கடிவாளம்

இசை மென்பொருளில் ஒரு ட்ராக்கைத் திறந்து, சீக்வென்சர் பிளக்-இன் ஒன்றைச் சேர்த்து, ‘ப்ளே’ பொத்தானைத் தட்டுகிறோம். ஒரு ஸ்வரம்கூட நாம் எழுதவில்லை. ஆனாலும் சின்தசைசர் வாசிக்கத் தொடங்கிவிடுகிறது. நாலைந்து சுற்று கழித்துக் கவனித்தால் மெட்டு கொஞ்சம் மாறியிருக்கும், ஆனால் அதே மெட்டுதான் என்று அடையாளம் தெரியும். ‘ஜெனரேட்டிவ் மிடி’ என்ற இந்த வகைக் கருவிகளைப் பற்றி, கம்ப்யூட்டர் கண்டபடி வாசிக்கிறது என்ற எண்ணம் பலருக்கு உண்டு. கண்டபடி வாசித்தால் ஐந்து நிமிடம்கூடக் காது தாங்காது. தற்செயலை எங்கே, எவ்வளவு அனுமதிப்பது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

மூன்றே எண்கள்

1983 ஜனவரியில் கலிஃபோர்னியாவில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சியில், வெவ்வேறு நிறுவனங்களின் இரண்டு சின்தசைசர்களை ஒரு கேபிளால் இணைத்துக் காட்டினார்கள். ஒன்று ப்ராஃபெட்-600, மற்றொன்று ஜூபிட்டர்-6. ஒன்றில் கட்டையை அழுத்தினால் இன்னொன்றும் சேர்ந்து ஒலித்தது. அமெரிக்காவின் டேவ் ஸ்மித்தும் ஜப்பானின் இகுதாரோ ககேஹாஷியும் முன்னின்று உருவாக்கிய அந்தப் பொது மொழிதான் மிடி. இதற்காக 2013-ல் இருவருக்கும் டெக்னிகல் கிராமி விருது கிடைத்தது.

கேபிளில் ஓடுவது ஒலி இல்லை, எண்கள். 144, 60, 100 என்று மூன்று எண்கள் வந்தால், ‘முதல் சேனலில் நடு சி கட்டையை 100 என்ற வேகத்தில் அழுத்து’ என்று பொருள். கட்டைக்கும் வேகத்துக்கும் 0 முதல் 127 வரைதான் எல்லை. பாட்டுப் புத்தகத்தின் ஸ்வரக் குறிப்பைப் போல, யார் எந்தக் கருவியில் வாசிக்கப்போகிறார்கள் என்ற கவலை மிடிக்குக் கிடையாது. இசை இப்படி எண்ணாகிவிட்டதால், கணக்குப் போட்டே அதை உண்டாக்க முடிகிறது.

இந்த முயற்சி மிடியைவிடப் பழையது. வேதியியல் படித்த லெஜாரன் ஹில்லரும் லியனார்ட் ஐசக்ஸனும் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் இலியாக் கணினியைக் கொண்டு 1957-ல் ‘இலியாக் சூட்’ என்ற நால்வர் தந்தியிசையை உருவாக்கினார்கள். கணினி தற்செயலாக ஒரு ஸ்வரத்தை எடுக்கும். இசை இலக்கண விதிக்கு ஒத்துவராவிட்டால் தள்ளிவிட்டு வேறொன்றை எடுக்கும். இன்றைய பிளக்-இன்களும் இந்த வழியில் வந்தவைதான்: ஒரு பக்கம் பகடை, மறுபக்கம் சல்லடை.

பதினாறு பிட் சுற்றுகிறது

லண்டன்காரர் டாம் விட்வெல் 2012-ல் ‘டூரிங் மெஷின்’ என்ற சின்தசைசர் மாட்யூலை வடிவமைத்து, யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளும்படி வரைபடத்தை வெளியிட்டார். மென்பொருள் வடிவிலும் அதற்குப் பல வாரிசுகள் வந்துவிட்டன.

உள்ளே 16 பிட்கள் வரிசையாக நிற்கின்றன; ஒவ்வொன்றும் 0 அல்லது 1. ஒவ்வொரு தட்டுக்கும் வரிசை ஓர் இடம் நகரும். கடைசி பிட் வெளியே விழுந்து, மறுபடி வரிசையின் தொடக்கத்துக்கு வரும். வரிசையில் எட்டு பிட்களைச் சேர்த்துப் படித்தால் 0 முதல் 255 வரை ஓர் எண் கிடைக்கும். சுருதியைத் தீர்மானிப்பது அந்த எண்தான்.

மீதி வேலை முழுவதும் ஒரே ஒரு குமிழுடையது. அதை வலது கோடிக்குத் திருப்பினால், விழுந்த பிட் மாறாமல் திரும்பும். 16 தட்டுக்கு ஒருமுறை அதே மெட்டு. நடுவில் வைத்தால், ஒவ்வொரு பிட்டுக்கும் காசு சுண்டிப் பார்த்த கதைதான். எதுவும் திரும்ப வராது. இடது கோடியில் ஒவ்வொரு பிட்டும் தலைகீழாகித் திரும்புவதால் சுற்று 32 தட்டாக நீளும்.

சுவாரஸ்யம் நடுவுக்கும் வலது கோடிக்கும் இடையில் இருக்கிறது. அங்கே பெரும்பாலான பிட்கள் அப்படியே திரும்பும். எப்போதாவது ஒன்று பிறழும். பிறழ்ந்த பிட் எட்டு இடங்களையும் கடந்து போவதால், எட்டு ஸ்வரங்களைத் தொட்டுவிட்டுத்தான் போகும். 128 மதிப்புள்ள இடத்தில் நிற்கும்போது சுருதி தாவும். 1 மதிப்புள்ள இடத்தில் மாற்றம் காதில் விழாது. அடுத்த சுற்றிலும் அந்தப் பிறழ்வு தங்கியிருக்கும். திரும்பத் திரும்பக் கேட்டு மனதில் பதிந்த மெட்டு என்பதால்தான் அந்தச் சிறு விலகல் நமக்குப் புதுமையாகப் படுகிறது.

நியூட்ரானிலிருந்து தாளம்

தாளத்தில் தற்செயலே இல்லாத ஒரு வழியும் உண்டு. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் உள்ள நியூட்ரான் ஆய்வு நிலையத்துக்காக, குறிப்பிட்ட கால இடைவெளிகளில் துடிப்புகளைக் கூடியவரை சமமாகப் பரப்ப பியோர்க்லுண்ட் என்ற ஆய்வாளர் ஒரு வழிமுறை வகுத்தார். அதன் அடிப்படை, மீப்பெரு பொது வகுத்தி காண யூக்ளிட் சொன்ன பழைய முறை என்பதையும், உலகின் பல மரபுத் தாளங்கள் அதில் கிடைக்கின்றன என்பதையும் கனடாவின் கணினி அறிஞர் காட்ஃப்ரீட் டூசான் 2005-ல் எடுத்துக்காட்டினார்.

எட்டுக் கட்டம், மூன்று அடி என்று வைத்துக்கொள்வோம். மீதி ஐந்தும் மௌனம். ஒவ்வோர் அடிக்குப் பின்னும் ஒரு மௌனத்தை வைத்தால் இரண்டு மிஞ்சும். அவற்றை முதல் இரண்டு அடிகளுக்குக் கொடுத்தால் 3, 3, 2. வாய்விட்டுச் சொன்னால்: தகிட தகிட தக. கியூபாவில் இதன் பெயர் ட்ரெசில்யோ. அடிகளை ஐந்தாக்கினால் அங்கேயே புழங்கும் சிங்கில்யோ வந்து நிற்கும். பிளக்-இன்னில் இதற்கு எத்தனை கட்டம், எத்தனை அடி என்ற இரண்டு குமிழ்கள் போதும்.

சல்லடையின் எல்லை

தற்செயலாக வரும் சுருதிகளை ஒரு ஸ்கேலுக்குள் அடக்குவது அடுத்த படி. சி, டி, இ, ஜி, ஏ ஆகிய ஐந்தை மட்டும் அனுமதித்தால் அபஸ்வரம் வராது. அவை மோகனத்தின் ஸ்வரங்களும்கூட. ஆனால் வருவதை மோகனம் என்று சொல்லிவிட முடியாது. காந்தாரத்தை எங்கே நிறுத்துவது, தைவதத்தை எப்படி அசைப்பது, எந்தச் சங்கதி ராகத்தைக் காட்டும் என்பதெல்லாம் ஐந்து எண்களின் பட்டியலில் அடங்காது. கமகத்துக்கு மிடியில் 16,384 படிகள் கொண்ட பிட்ச் பெண்ட் தனியாக இருக்கிறது. அதை எப்போது, எவ்வளவு வளைப்பது என்று ஸ்கேல் சல்லடைக்குத் தெரியாது.

ஸ்டூடியோவில் இவற்றைப் பயன்படுத்துகிறவர்கள் செய்யும் முதல் காரியம், பிளக்-இன் துப்பும் மிடியை வேறொரு ட்ராக்கில் பதிவுசெய்வது. இல்லாவிட்டால் நல்ல மெட்டு வந்த சுவடே தெரியாமல் போய்விடும். பத்து நிமிடம் ஓடவிட்டு, தேறும் நான்கு பாரை வெட்டி எடுத்து, மீதியை அழித்துவிடுவார்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஸ்டோகாஸ் என்ற இலவச பிளக்-இன்னில் ஒரு ட்ரம் வரிசையை எழுதி, எல்லாக் கட்டங்களின் நிகழ்தகவையும் 100 விழுக்காட்டில் வைக்கலாம். கிக் ட்ரம்மைத் தொடவேண்டாம். ஹை-ஹேட்டில் மட்டும் இரண்டு மூன்று கட்டங்களை 60-க்கு இறக்கினால் தாளத்துக்கு உயிர் வரும். கிக்கையும் 60-க்கு இறக்கினால், எந்த இடத்தில் பாட்டு குலைகிறது என்பது உடனே காதில் விழும். அந்த எல்லை பாட்டுக்குப் பாட்டு மாறும். அதைக் கண்டுபிடித்துத் தரும் பிளக்-இன் எதுவும் இல்லை. காதுதான் கண்டுபிடிக்க வேண்டும்.