வரவும் இருப்பும்: தாய்லாந்தின் ஓய்வுக்கால நுழைவிசைவும் முதியோர் சேமிப்பின் இடமாற்றமும்

ஆய்வுச் சுருக்கம்

பணி ஓய்வுக்குப் பின் தாய்லாந்தில் தங்கி வாழ விரும்பும் வெளிநாட்டவர், தம் சேமிப்பின் ஒரு பகுதியை அந்நாட்டு வங்கியில் குறித்த காலம் வைத்திருந்து, அதனைக் குடிவரவுத் துறைக்குச் சான்றாகக் காட்டுகின்றனர். ஓய்வூதியம் மாதந்தோறும் வரும் வரவாக வகுக்கப்பட்டது. நுழைவிசைவு விதியோ நடைமுறையில் பெரும்பாலோரிடம் அசையாத இருப்பைக் கேட்கிறது. வரவை இருப்பாக மாற்றும்போது தாய்நாட்டு ஓய்வூதியச் சட்டம், வங்கி நடைமுறை, குடியேறிய நாட்டின் வரிச் சட்டம் ஆகிய மூன்றும் குறுக்கிடுகின்றன. அவற்றால் எழும் செலவும் இடரும் முதியவரையே சேர்கின்றன என்பதைப் பிரித்தானிய, அமெரிக்க ஓய்வூதியர்களின் நிலையைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஓய்வூதியம், நுழைவிசைவு, வங்கி வைப்பு, செலாவணி, தாய்லாந்து, முதியோர் புலப்பெயர்வு

முன்னுரை

குறைந்த வாழ்க்கைச் செலவு, மிதவெப்பமான குளிர்காலம், தரமான தனியார் மருத்துவமனைகள் ஆகியவற்றை நாடி ஐரோப்பியரும் அமெரிக்கரும் ஆஸ்திரேலியரும் தாய்லாந்தில் ஓய்வுக்காலத்தைக் கழிக்கின்றனர். சியாங் மாய், பட்டாயா, ஹுவா ஹின், புக்கெட் ஆகிய இடங்கள் இவ்வகையில் பெயர்பெற்றவை. இவர்கள் அங்கு வேலை செய்ய அனுமதி இல்லை. எனவே தம்மைத் தாமே காத்துக்கொள்ளும் பொருள் தம்மிடம் உண்டு என்பதை அரசுக்கு ஆண்டுதோறும் மெய்ப்பிக்க வேண்டியவர்களாக உள்ளனர்.

தமிழ்க் கணக்கு வழக்கில் வரவு, செலவு, இருப்பு என்னும் மூன்றும் வேறுபடுத்திக் காட்டப்படுகின்றன. வரவு என்பது காலந்தோறும் வந்துசேர்வது. இருப்பு என்பது ஒரு நாளில் எஞ்சி நிற்பது. வரவு மிகுந்தவரிடம் இருப்பு இல்லாமலும், இருப்பு மிகுந்தவரிடம் வரவு இல்லாமலும் இருக்கக்கூடும். ஓய்வுக்கால நுழைவிசைவின் (விசாவின்) சிக்கலைப் புரிந்துகொள்ள இவ்வேறுபாடு பெரிதும் துணைசெய்கிறது.

1. விதியின் அமைப்பு

50 வயது நிறைந்த வெளிநாட்டவர் ஒருவர் ஓய்வுக்காலத்தைக் காரணமாகக் காட்டி ஓராண்டு தங்கும் அனுமதியைக் கோரும்போது மூன்று வழிகளுள் ஒன்றைத் தெரிவு செய்யலாம். முதலாவது, தாய்லாந்து வங்கியில் அவர் பெயரில் 8,00,000 பாட் வைப்பு. இரண்டாவது, மாதம் 65,000 பாட்டுக்குக் குறையாத வருமானம். மூன்றாவது, வைப்பும் ஆண்டு வருமானமும் சேர்ந்து 8,00,000 பாட்.

2019 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் வைப்பு வழியை இறுக்கியது. விண்ணப்பத்திற்கு முன் 2 மாதமும், அனுமதி கிடைத்தபின் 3 மாதமும் 8,00,000 பாட் குறையாமல் இருக்க வேண்டும். அதன்பின் எடுத்துச் செலவிடலாம். ஆனால் இருப்பு 4,00,000 பாட்டுக்குக் கீழே செல்லக்கூடாது. அடுத்த விண்ணப்பத்திற்கு 2 மாதம் முன்னதாக மீண்டும் முழுத் தொகையை நிரப்பிவிட வேண்டும். கடன் வாங்கி இருப்புக் காட்டி, அனுமதி கிடைத்ததும் பணத்தை எடுத்துவிடும் வழக்கத்தை இத்திருத்தம் தடுக்கிறது. அவ்வகையில் அதற்கு ஒரு நியாயம் உண்டு.

இவ்விதியின் சுமையை ஓர் எளிய கணக்கால் அறியலாம். அனுமதி விண்ணப்பித்த நாளிலேயே கிடைப்பதாகக் கொண்டால், ஆண்டின் 12 மாதங்களில் 5 மாதம் 8,00,000 பாட்டும், 7 மாதம் 4,00,000 பாட்டும் முடங்குகின்றன. ஆண்டுச் சராசரி முடக்கம் ஏறத்தாழ 5,66,667 பாட் ஆகும். இத்தொகை அவருடையதே, ஆயினும் அங்கு தங்கும்வரை அவர் செலவிட இயலாதது.

2. தூதரகக் கடிதம் இல்லாமற்போன ஆண்டு

2018 வரை வருமான வழியைப் பின்பற்றியோர் தம் நாட்டுத் தூதரகத்தின் கடிதத்தைச் சான்றாக அளித்தனர். அமெரிக்கரைப் பொறுத்தவரை அது விண்ணப்பதாரர் தாமே உறுதிமொழிந்து கையொப்பமிட்ட அறிக்கையாகவே இருந்தது. வருமானத்தைத் தூதரகம் சரிபார்த்திருக்க வேண்டும் எனத் தாய்லாந்து அதிகாரிகள் எதிர்பார்த்தனர். தம் குடிமக்களின் தனிப்பட்ட வருமானத்தைச் சரிபார்க்கும் நிலையில் தாம் இல்லை எனக் கூறி அமெரிக்கா, பிரித்தானியா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளின் தூதரகங்கள் இக்கடிதம் வழங்குவதை நிறுத்திக்கொண்டன. 2019 தொடக்கத்திலிருந்து இந்நாட்டவர்க்கு அவ்வழி அடைபட்டது.

அதற்கு மாற்றாக, ஒவ்வொரு மாதமும் வெளிநாட்டிலிருந்து 65,000 பாட்டுக்குக் குறையாமல் தாய்லாந்துக் கணக்கில் வந்துசேர்ந்தமையை வங்கி ஆவணத்தால் காட்டும் முறை ஏற்கப்பட்டது. முதன்முறை விண்ணப்பிப்பவரிடம் 12 மாத வரவுப் பதிவு இருப்பது அரிது. ஆகவே போதிய ஓய்வூதியம் உடையவரும் முதலாண்டில் வைப்பு வழியையே நாட நேர்கிறது.

போதிய ஓய்வூதியம் என்பதும் செலாவணி விகிதத்தைப் பொறுத்ததே. பிரித்தானியாவின் புதிய அரசு ஓய்வூதியம் 2025–26 நிதியாண்டில் முழு அளவில் வாரம் 230.25 பவுண்டு, மாதத்திற்கு ஏறத்தாழ 998 பவுண்டு. ஒரு பவுண்டுக்கு 65 பாட் கிடைத்தாலும் இது 64,870 பாட் மட்டுமே. வரம்புக்குச் சற்றுக் குறைவு. 2007ஆம் ஆண்டில் பவுண்டின் மதிப்பு 65 பாட்டுக்கு மேல் இருந்தது. 2016 பொதுவாக்கெடுப்பிற்குப் பின் 50 பாட்டுக்குக் கீழே இறங்கியது. பவுண்டு 45 பாட் எனில் அதே ஓய்வூதியம் 44,910 பாட்டாகக் குறைகிறது. மேலும், தாய்லாந்தில் வாழும் பிரித்தானியரின் அரசு ஓய்வூதியம் ஆண்டுதோறும் உயர்த்தப்படுவதில்லை. அங்குக் குடியேறியபோது, அல்லது அங்கிருந்தவாறு முதன்முதல் பெற்றபோது இருந்த தொகையிலேயே அது நின்றுவிடுகிறது. அரசு ஓய்வூதியத்தை மட்டும் நம்பியவர்க்கு வருமான வழி எட்டாதது என்பது இதனால் தெளிவாகும். அவர் இருப்பைத் தேட வேண்டும். அந்த இருப்பு அவருடைய பிற சேமிப்பிலிருந்தே வர வேண்டும்.

3. சேமிப்பை எடுக்கும் இடத்தின் சட்டம்

ஓய்வுக்கால நிதிகள், சிறிது சிறிதாக, முதுமை முழுவதும் எடுக்கப்பட வேண்டும் என்னும் கருத்தில் அமைந்தவை. முன்னதாகவோ மொத்தமாகவோ எடுப்பவர் வரியால் தண்டிக்கப்படுகிறார். தாய்லாந்து கேட்கும் வயதும் தாய்நாடு அனுமதிக்கும் வயதும் பொருந்துவதில்லை என்பதும் இங்குக் கருதத்தக்கது. தாய்லாந்து 50 வயதினரை ஏற்கிறது. அமெரிக்க ஓய்வுக்காலக் கணக்குகளிலிருந்து 59½ வயதிற்கு முன் பணம் எடுத்தால், சில விதிவிலக்குகள் நீங்கலாக, வழக்கமான வருமான வரியோடு 10 விழுக்காடு கூடுதல் வரியும் உண்டு. ஒரு டாலர் 33 பாட் எனக் கொண்டால் 8,00,000 பாட் என்பது ஏறத்தாழ 24,242 டாலர். அதற்குரிய கூடுதல் வரி மட்டும் 2,424 டாலர். அந்த ஆண்டின் வருமானம் ஒரே தடவையில் உயர்வதால் வழக்கமான வரியும் மேல்விகிதத்திற்குச் செல்லக்கூடும்.

பிரித்தானியாவில் தனியார் ஓய்வூதியத்தைத் தொடும் குறைந்த வயது பொதுவாக 55. 2028 ஏப்ரல் முதல் அது 57 ஆகிறது. பொதுவாக நிதியின் 25 விழுக்காட்டை வரியின்றி எடுக்கலாம். எஞ்சியது வருமானமாகக் கருதப்படும். நிதியையே அயல்நாட்டு ஓய்வூதியத் திட்டம் ஒன்றிற்கு மாற்றுவதும் எளிதன்று. விதிவிலக்குப் பொருந்தாத மாற்றங்களுக்கு 2017 மார்ச் முதல் 25 விழுக்காடு கட்டணம் விதிக்கப்படுகிறது. ஆதலால் திட்டத்தைத் தாய்நாட்டிலேயே விட்டு, எடுத்த பணத்தை மட்டும் அனுப்புவதே பலர்க்கும் உரிய வழியாகிறது.

4. பணத்தின் பிறப்பிடத்தை நிறுவுதல்

நுழைவிசைவுக்குப் பணம் வந்தால் மட்டும் போதாது. வெளிநாட்டிலிருந்து வந்தது என்பதும் தெரிய வேண்டும். சுற்றுலா அனுமதியில் வந்தவர் நாட்டினுள் இருந்தே ஓய்வுக்கால அனுமதிக்கு மாறும்போதும், மாத வருமான வழியிலும் இச்சான்று இன்றியமையாதது. வங்கிகளுக்கிடையிலான பன்னாட்டு அனுப்பீட்டில் வரும் தொகை கணக்குப் புத்தகத்தில் வெளிநாட்டு வரவுக்குரிய குறியீட்டோடு பதியப்படும். இணையவழிப் பணமாற்று நிறுவனங்கள் கட்டணத்தைக் குறைக்கும்பொருட்டு, தாய்லாந்தினுள் தாம் வைத்துள்ள கணக்கிலிருந்தே பெறுநருக்குத் தொகையைச் செலுத்துவதுண்டு. அப்போது அது உள்நாட்டு வரவாகவே பதிவாகலாம். குறைந்த கட்டணத்தில் அனுப்பியவர் குடிவரவு அலுவலகத்தில் சான்றின்றி நிற்க நேரும். அனுப்பும் முன்னரே எவ்வாறு பதிவாகும் என்பதை வங்கியிடம் கேட்டறிவது தேவை.

கணக்குத் தொடங்குவதிலும் ஒரு சுழல் உண்டு. அனுமதி பெறக் கணக்கில் பணம் வேண்டும். கணக்குத் தொடங்கவோ நீண்டகால அனுமதி வேண்டும் என வங்கிக் கிளைகள் பல கேட்கின்றன. கிளைக்குக் கிளை நடைமுறை மாறுபடுகிறது. அமெரிக்கர்க்குக் கூடுதல் கடமைகள் உள்ளன. 2010இல் இயற்றப்பட்ட வெளிநாட்டுக் கணக்கு வரி இணக்கச் சட்டத்தின்கீழ் அவர்களது கணக்கு விவரங்களை வங்கிகள் தெரிவிக்கின்றன. வெளிநாட்டுக் கணக்குகளின் கூட்டு இருப்பு ஆண்டில் எந்த ஒரு நாளிலேனும் 10,000 டாலரைக் கடந்தால், அமெரிக்கக் கருவூலத் துறைக்கு அவர்கள் தாமும் ஆண்டறிக்கை அளிக்க வேண்டும். 8,00,000 பாட் இவ்வரம்பைக் கடந்தது. ஆகவே வைப்பு வழியில் நுழைவிசைவு விதியை நிறைவேற்றும் ஒவ்வோர் அமெரிக்கரும் அறிக்கை அளிக்கும் கடமையினுள் வந்துவிடுகிறார்.

5. வந்த பணமும் வரியும்

ஓர் ஆண்டில் 180 நாளோ அதற்கு மேலோ தாய்லாந்தில் தங்குபவர் அந்நாட்டின் வரி வதிவாளர் ஆவார். வெளிநாட்டில் ஈட்டிய வருமானத்தை ஈட்டிய ஆண்டிலேயே கொண்டுவந்தால் மட்டும் வரி என்பது முன்னைய விளக்கம். அடுத்த ஆண்டு வரை காத்திருந்தோர்க்கு வரி இல்லை. 2023 செப்டம்பரில் வருவாய்த்துறை வெளியிட்ட ஆணை இவ்விளக்கத்தை மாற்றியது. 2024 ஜனவரி 1 முதல், எந்த ஆண்டில் கொண்டுவந்தாலும் அது வரிக்குரிய வருமானம். 2024க்கு முன் ஈட்டியதற்கு இது பொருந்தாது என 2023 நவம்பரில் வந்த மற்றோர் ஆணை தெளிவுபடுத்தியது.

வைப்புக்காகக் கொண்டுவரப்படும் தொகை பழைய சேமிப்பா, புதிய வருமானமா என்னும் வினா இதனால் முதன்மை பெறுகிறது. 2023 டிசம்பர் 31 அன்று கணக்கில் இருந்த தொகையைக் காட்டும் வங்கி அறிக்கை இன்று ஒரு முக்கிய ஆவணம். இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தங்கள் ஓய்வூதியத்தை நாட்டுக்கு நாடு வேறுவகையில் நடத்துவதால் ஒருவர்க்குப் பொருந்துவது மற்றவர்க்குப் பொருந்தாது. எவ்வாறாயினும், குடிவரவுத் துறைக்குச் சான்றாகக் கொண்டுவந்த தொகையே வருவாய்த்துறையின் கணக்கிலும் இடம்பெறும் நிலை தோன்றியுள்ளது.

வைப்பின் பாதுகாப்பைப் பொறுத்தவரை, 2021 ஆகஸ்ட் முதல் ஒரு வங்கியில் ஒருவர்க்கு 10,00,000 பாட் வரை வைப்புப் பாதுகாப்பு முகமையின் காப்பு உண்டு. 8,00,000 பாட் இதற்கு உட்பட்டது. ஆனால் செலாவணி இழப்பிற்கு எந்தக் காப்பும் இல்லை.

6. நோயும் இறப்பும்

விதியின் மெய்யான சோதனை நோயுற்ற நாளில்தான் நிகழ்கிறது. தாய்நாட்டிலேயே விண்ணப்பித்துப் பெறும் நீண்டகால ஓய்வு அனுமதிக்கு 2019 அக்டோபர் இறுதியிலிருந்து மருத்துவக் காப்பீடு கட்டாயம். வைப்பைக் காட்டித் தாய்லாந்தினுள் அனுமதியை நீட்டிக்கும் பொது வழியில் வருவோர்க்கு அக்கட்டாயம் இல்லை. முதுமையில் காப்பீடு கிடைப்பது அரிது. கிடைத்தாலும் கட்டணம் மிகுதி. எனவே வைப்புத்தொகையையே தம் மருத்துவ நிதியாகக் கருதுவோர் உள்ளனர். ஆனால் அறுவை சிகிச்சைக்காக அத்தொகையைத் தொட்டு இருப்பு வரம்புக்குக் கீழே இறங்கினால் அடுத்த நீட்டிப்பு மறுக்கப்படலாம். உயிர் காக்க எடுத்த பணம் வாழும் இடத்தை இழக்கச் செய்யும் நிலை இது. பிறர்மேல் சுமையாகாமல் இருக்கவே இவ்விருப்பு கேட்கப்படுகிறது. சுமை நேரும் நாளிலோ அது பயன்படுத்தத் தகாததாகிவிடுகிறது.

இறப்பிலும் இதற்கு ஒப்பான சிக்கல் உண்டு. கணக்கு விண்ணப்பதாரர் ஒருவர் பெயரிலேயே இருக்க வேண்டுவதால், அவர் இறந்தபின் துணைவர் பணத்தை எடுக்க இயலாது. நீதிமன்றம் சொத்து நிருவாகி ஒருவரை அமர்த்திய பிறகே வங்கி தொகையை விடுவிக்கும். ஈமச்செலவுக்கு அப்பணம் உதவாது. தாய்லாந்துச் சொத்துக்கெனத் தனி உயிலும், துணைவர் பெயரில் சிறு தனிக்கணக்கும் இவ்விடரைக் குறைப்பன.

முடிவுரை

தன்னைக் காத்துக்கொள்ளும் பொருளுடையவரை மட்டும் ஏற்பது ஓர் அரசின் உரிமை. அப்பொருளை எவ்வடிவில் காட்ட வேண்டும் என்பதே இங்கு ஆராயப்பட்டது. வாழ்நாளெல்லாம் வரவாகப் பெறுவதற்குச் சேர்த்த நிதியை இருப்பாக மாற்றும்போது, எடுக்குமிடத்தில் வரியும், வழியில் சான்றுச் சிக்கலும், சேருமிடத்தில் முடக்கமும் நேர்கின்றன. தாய்நாடு, வங்கி, குடியேறிய நாடு ஆகிய மூன்றும் தத்தம் விதியின் அளவில் முறையாகவே செயற்படுகின்றன. அவற்றுக்கு இடைப்பட்ட முரணை நிரப்புபவர் முதியவர் ஒருவரே.

நடைமுறையில் ஒருவர் வயது வரம்பு, வரி, அனுப்பும் முறை, இரண்டு மாத முன்வைப்பு என்னும் வரிசையில் குறைந்தது ஓராண்டு முன்னரே திட்டமிட வேண்டியவராகிறார். முடங்கும் தொகையைத் தம் மருத்துவ நிதியின் பகுதியாக எண்ணாமல், அதற்குப் புறம்பாகவே மருத்துவச் செலவுக்கு வழிசெய்துகொள்வது அவர்க்கு நன்மை தரும். விதியின் அளவில், மருத்துவமனைச் செலவுக்கென எடுத்த தொகையைக் குறித்த காலத்திற்குள் மீள நிரப்ப இடமளிப்பது, அரசின் நோக்கத்திற்கு ஊறு செய்யாமலே முதியவரின் இடரைக் குறைக்கும். அவ்வாறு இடமளித்தால், காட்டுவதற்காக வைத்த இருப்பு காப்பதற்கும் உரியதாகும்.