உங்களுக்குத் தெரியுமா? வெயிலைக் குறைக்க யாரைக் கேட்பது?

மலையகத்தில் மழையை வரவழைக்க ஒருமுறை விமானம் பறந்தது. நாள்: 2019 மார்ச் 22. வறட்சியில் நீர்மின் தேக்கங்கள் வற்றிக்கொண்டிருந்தன. தாய்லாந்து நிபுணர்களின் உதவியோடு, நமது விமானப்படையின் வை-12 விமானம் மவுசாகலை நீரேந்துப் பகுதிக்கு மேலே மேகங்களில் இரசாயனம் தூவியது. சுமார் முக்கால் மணிநேரம் மழை பெய்ததாக அறிவித்தார்கள். தூவியதால் வந்த மழையா, தானாகவே வரவிருந்த மழையா? ஒரு நாள் மழையை மட்டும் வைத்து அதை யாராலும் அடித்துச் சொல்ல முடியாது.

*

மேகத்தில் தூவினால் ஒரு பள்ளத்தாக்கு நனையும், அவ்வளவுதான். வெயிலையே குறைக்கும் யோசனை அப்படியல்ல. ஏறக்குறைய 20 கிலோமீற்றர் உயரத்தில் கந்தகத் துகள்களைப் பரப்பினால் அவை சூரிய ஒளியில் ஒரு சிறு பங்கைத் திருப்பி அனுப்பும்; பூமி கொஞ்சம் குளிரும். துகள்கள் ஓரிரு ஆண்டுகளில் கீழே இறங்கிவிடும் என்பதால் திரும்பத் திரும்பத் தூவ வேண்டும். பல ஆண்டுகள் தூவிவிட்டுத் திடீரென்று நிறுத்தினால், அதுவரை அடக்கிவைத்த வெப்பம் சில ஆண்டுகளிலேயே பாய்ந்து வரும்.

*

இதற்கு இயற்கையே ஒத்திகை பார்த்திருக்கிறது. 1991 ஜூன் 15 அன்று பிலிப்பைன்ஸின் பினட்டுபோ எரிமலை வெடித்து 15 மில்லியன் தொன்னுக்குக் குறையாத கந்தக டயொக்சைட்டை மேலே அனுப்பியது. மறு ஆண்டு உலகின் சராசரி வெப்பம் ஏறக்குறைய அரை பாகை செல்சியஸ் குறைந்தது. கூடவே நிலப்பரப்பில் பெய்த மழையும் ஆறுகளில் ஓடிய நீரும் குறைந்தன. திட்டத்தை ஆதரிப்பவர்கள் முதல் செய்தியோடு நிறுத்திக்கொள்வார்கள், எதிர்ப்பவர்கள் இரண்டாவதிலிருந்து தொடங்குவார்கள்.

*

இறம்பொடை அருவியின் உயரம் 109 மீற்றர் என்பது பொது அறிவுப் புத்தகங்களில் உண்டு. அந்தத் தண்ணீர் கொத்மலைத் தேக்கத்துக்குப் போய் மின்சாரமாவதைச் சுற்றுலா வருபவர்கள் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. மழை குறைந்தால் கொழும்பில் மின்வெட்டுப் பேச்சு எழும். தேயிலைத் தோட்டத்தில் கதையே வேறு. மழைநாளில் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்குத் தலையில் கம்பளி, இடுப்பில் படங்கு, முதுகில் நனைந்து கனத்த கூடை. கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கென்று சில கிலோவைக் கழித்துவிட்டுத்தான் எழுதுவார்கள். வெயில் நீண்டாலோ கொழுந்தே வராது. கிலோ சேராவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். வானம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் முதலில் குறைவது அந்தப் பெண்ணின் சம்பளம். வெயிலைக் குறைக்கலாமா என்று உலகம் வாக்கெடுத்தால், அவளுடைய வாக்கு எந்தப் பெட்டியில் விழும்?

*

மான் மேய்ப்பவர்கள் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தைத் தடுத்து நிறுத்திய கதை தெரியுமா? 2021இல் வெயிலைக் குறைக்கும் ஆய்வுக்காகச் சுவீடனின் கிருணா நகரிலிருந்து ஒரு பலூனை அனுப்ப ஹார்வர்ட் ஆய்வாளர்கள் ஆயத்தமானார்கள். துகள் எதையும் தூவும் எண்ணம்கூட அப்போது இல்லை, கருவிகளைச் சோதிப்பதோடு சரி. அந்த வடதிசை மண்ணின் பூர்வகுடிகளான, மான் மேய்க்கும் சாமி மக்களிடம் யாரும் கேட்கவில்லை. சாமி சபை பெப்ரவரியில் எதிர்ப்புக் கடிதம் எழுதியது. மார்ச் முடிவதற்குள் பறப்பு நின்றது. 2024இல் திட்டமே கைவிடப்பட்டது. “சும்மா ஒரு பலூன்தானே” என்றவர்களும் உண்டு. சாமி மக்களுக்குப் பலூன் பெரிதல்ல. அதற்குப் பின்னால் என்ன வரும், அதைத் தீர்மானிப்பது யார் என்பதுதான் அவர்களுடைய கேள்வி. எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

*

கலிபோர்னியாவின் அலமேடாவிலும் கிட்டத்தட்ட அதே கதை. 2024 ஏப்ரலில், ஓய்வுபெற்ற ‘ஹோர்னெட்’ போர்க்கப்பலின் தளத்திலிருந்து ஆய்வாளர்கள் அதே நோக்கத்தோடு கடலுப்புத் துகள்களைத் தெளித்துப் பார்த்தார்கள். நகரசபைக்கு முன்கூட்டியே முறையாகத் தெரிவிக்கவில்லை. உடல்நலத்துக்குக் கேடில்லை என்று சபை அமர்த்திய நிபுணர்களே சொன்னார்கள். ஆனாலும் ஜூனில் சபை அனுமதி மறுத்தது. மெக்சிகோவில் ஒரு சிறு அமெரிக்க நிறுவனம் யாரையும் கேட்காமல் பலூன் விட்டது. 2023 ஜனவரியில் மெக்சிகோ அரசு இவ்வகைச் சோதனைகளுக்குத் தடை அறிவித்தது.

*

உலகச் சட்டம்? அரைகுறைதான். 2010இல் ஜப்பானின் நகோயாவில் உயிர்ப்பல்வகைமை உடன்படிக்கை நாடுகள், இப்படிக் காலநிலையை மாற்றும் முயற்சிகளில் சிறு ஆய்வுகள் தவிர மற்றவற்றைத் தள்ளிவைக்கச் சொன்னன. இலங்கை அதில் உறுப்பு நாடு. அமெரிக்கா இன்றுவரை இல்லை. நைரோபியில் ஐ.நா. சுற்றாடல் பேரவை 2019இலும் 2024இலும் இதைப் பற்றிப் பேசியும் தீர்மானம் நிறைவேறவில்லை. ஆபிரிக்காவின் சுற்றாடல் அமைச்சர்கள் மட்டும் 2023இல் “பயன்படுத்தாதிருக்க ஓர் உடன்பாடு வேண்டும்” என்று ஒரே குரலில் கேட்டார்கள்.

*

நம்மைக் கேட்காமலே நம்மைப் பற்றி எடுத்த முடிவுகளுக்கு மலையகத்தில் பஞ்சமில்லை. 1964 ஒக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு, 300,000 பேரை இலங்கைக்கு என்று கணக்குப் பிரித்தது. மீதி 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வதாக விட்டார்கள்.

*

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. தோட்டத்துக்குள் சபை நிதியைச் செலவிட அது இடம் தரவில்லை. வாக்கு வாங்கலாம், ரோட்டுப் போட முடியாது! அந்தப் பிரிவைத் திருத்த 2018 ஆகிவிட்டது.

*

2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை 2005இலும் 2011இலும் விடப்பட்டிருந்தது. விஞ்ஞானம் தன் வேலையைச் செய்திருந்தது. அந்தக் குடும்பங்கள் எங்கே போய்க் குடியிருக்கும் என்ற முடிவுதான் எவருடைய மேசையிலும் எடுக்கப்படவில்லை.

*

நம் சட்டத்திலேயே ஒரு சிறிய கதவு உண்டு. குறிப்பிட்ட வகைப் பெரிய திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு வேண்டும். அறிக்கையைப் பார்க்கலாம் என்ற அறிவித்தல் வர்த்தமானியிலும், சிங்கள, தமிழ், ஆங்கிலப் பத்திரிகைகளில் மொழிக்கு ஒன்றிலும் வரவேண்டும். கருத்துச் சொல்லப் பொதுமக்களுக்கு 30 நாள். அந்தப் பத்திரிகை லயத்துக்கு எத்தனை நாள் கழித்து வரும் என்று சட்டம் கேட்கவில்லை.

*

இன்னொன்று, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம். காரணம் சொல்லாமலே கேட்கலாம். தருவார்களா மாட்டார்களா என்ற முடிவை 14 வேலைநாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். மவுசாகலைக்கு மேலே 2019இல் தூவியது என்ன, எத்தனை கிலோ, பிறகு தண்ணீரைச் சோதித்தார்களா என்று மஸ்கெலியாவிலிருந்தோ இறம்பொடையிலிருந்தோ யாரும் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம்.