சாலைக் கடைவீதியும் நம் பழஞ்சொற்களும்

தம்பானூரில் ரயிலை விட்டு இறங்கும் நம் உறவினர்களுக்கு இது வேறு மாநிலம், அவ்வளவுதான். நம் தாத்தாக்கள் காலத்தில் இது வேறு நாடு. ஆரல்வாய்மொழியில் சௌக்கி இருந்தது. 1865-ல் திருவிதாங்கூரும் கொச்சியும் பிரிட்டிஷ் அரசும் செய்துகொண்ட ஒப்பந்தத்தால் பெரும்பாலான சரக்குகளுக்குச் சுங்கம் நீங்கியது. உப்பும் புகையிலையும் தப்பவில்லை.

எல்லை கடந்தால் கணக்கே மாறும். 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய்க்கோ 28 சக்கரம் 8 காசு. அதாவது அரைச் சக்கரம் கூடுதல். அந்த அரைச் சக்கரத்தை மறந்தவன் வியாபாரியே அல்ல! படியும் மரக்காலும் பழகிய கைக்கு இங்கே நாழி, இடங்கழி, பறை. 4 நாழி ஓர் இடங்கழி, 10 இடங்கழி ஒரு பறை. கடிதம் போடுவதற்கும் சமஸ்தானத்துக்குச் சொந்தமான 'அஞ்சல்' இருந்தது. நாம் தபாலை விட்டுவிட்டு நல்ல தமிழில் அஞ்சல் என்கிறோமே, அந்தச் சொல்லைத் திருவிதாங்கூர் அப்போதே அரசுத் துறைக்குப் பெயராக வைத்திருந்தது.

1949-ல் திரு-கொச்சி இணைப்போடு சக்கரம் போயிற்று. 1951-ல் அஞ்சல் இந்தியத் தபாலோடு சேர்ந்தது. பிறகு கிலோவும் லிட்டரும் வந்து நாழியையும் பறையையும் ஒதுக்கிவிட்டன. சொற்கள் மட்டும் எந்த ஒப்பந்தத்துக்கும் கட்டுப்படாமல் சாலைக் கடைவீதியில் இன்றும் உட்கார்ந்திருக்கின்றன.

சாலையை உண்டாக்கியவர் தர்மராஜா காலத்துத் திவான் ராஜா கேசவதாஸ். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் தலைநகர் பத்மநாபபுரத்திலிருந்து இங்கே மாறியபோது, ஊருக்கு ஒரு கடைவீதி வேண்டியிருந்தது. கரமனை ஆற்றிலும் கிள்ளியாற்றிலும் பாலம் போட்டு, தெற்கேயிருந்து வரும் வண்டிகளை நேராகக் கிழக்கேக்கோட்டை வாசலுக்கு வர வைத்தார். பாலம் போட்ட பிறகுதான் கடை! நம்மவர் வந்து குடியேறிய வழியும் அதுதான். இன்றும் தோவாளைப் பூவும் பாவூர்ச்சத்திரம் காய்கறியும் இங்கே வராவிட்டால் ஓணத்துக்கு அத்தப்பூவும் இல்லை, அவியலும் இல்லை.

நான் வந்தவாசிப் பக்கத்து நயினார் வீட்டுப் பிள்ளை. நாற்பது ஆண்டுகளாக இங்கே பாத்திர வியாபாரம். பொழுது சாயுமுன் சாப்பிட வேண்டும், மண்ணுக்கடியில் விளைந்தது கூடாது என்று வளர்ந்தவனுக்கு இந்த ஊர்ச் சந்தை ஒரு சோதனை. சேனை, சேம்பு, காச்சில் என்று குவியல் குவியலாகக் கிழங்குகள்தான். மரச்சீனி என்னும் கப்பையைப் பரப்பியவர் விசாகம் திருநாள் மகாராஜா (ஆட்சி 1880-85). 1942-ல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போய் அரிசி வரவு நின்றபோது ஏழை வீடுகளில் அடுப்பெரிந்தது அந்தக் கிழங்கால். என் இலையில் அதற்கு இடமில்லை என்றாலும் அதன் மேல் எனக்கு மரியாதை உண்டு.

சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். போன விடுமுறைக்கு ஊருக்குப் போன என் பேத்தி, "சோறு போதும் பாட்டி, கறி இன்னும் கொஞ்சம்" என்றாளாம். கறி என்றால் ஆட்டுக்கறி என்றே பழகிய பிள்ளைகள், அதுவும் ஒரு சமண வீட்டில், விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். "மலையாளத்துப் பொண்ணு" என்று பட்டமும் கட்டிவிட்டார்கள். குழந்தை அழுதுகொண்டே போன் செய்தாள்.

அவள் பேசியது என்ன தப்பு? வாழைக்காய்க் கறி, கறிகாய், கறிவேப்பிலை எல்லாம் நம் சொற்கள்தானே. நகரத்தில் நாம் 'சாதம்' என்று மாற்றிக்கொண்டோம், மலையாளி சோறு என்றே சொல்கிறான். சாலையில் சர்க்கரை கேட்டால் வெல்லம் கிடைக்கும், வெள்ளைச் சீனிக்கு இங்கே 'பஞ்சசார'. சர்க்கரைப் பொங்கலில் நாம் போடுவது எது என்று யோசித்துப் பாருங்கள், யார் பழைய பொருளை விடவில்லை என்று தெரியும். கத்தரிக்காய்க்கு இங்கே வழுதனங்ஙா. வழுதுணங்காய் பழந்தமிழ்ச் சொல். வடக்கே போகப் போகக் கடையைப் 'பீடிக' என்பார்கள். சிலப்பதிகாரத்துப் புகாரில் இருந்தது பீடிகைத் தெரு.

எல்லாவற்றிலும் அவர்களே பழமை காத்தார்கள் என்று சொல்ல மாட்டேன். 'முளகு' என்று கேட்டால் இங்கே மிளகாய்தான் வரும். போர்ச்சுகீசியர் காலத்தில் வந்த விருந்தாளிக்குச் சொந்தக்காரனின் பெயரையே கொடுத்துவிட்டு, நம் மிளகைக் குருமுளகு, நல்லமுளகு என்று அடைமொழி போட்டு ஓரத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். அந்த இடத்தில் தமிழ்நாட்டார் கணக்கு சரி.

இந்தக் கடைவீதி வாழ்க்கையை எழுத்தில் கொண்டுவந்தவர் ஆ. மாதவன். சாலையிலேயே கடை வைத்திருந்தவர், 2015-ல் சாகித்ய அகாதெமி விருது பெற்றவர், 2021-ல் மறைந்தார். அவருடைய 'கடைத்தெருக் கதைகள்' ஒரு பிரதி வாங்கி வந்தவாசிக்கு அனுப்பினேன். பத்து நாள் கழித்துத் தம்பியிடமிருந்து போன்: "அண்ணா, கதை ரொம்ப நல்லா இருக்கு. ஆனா நடுவுலே நாலஞ்சு வார்த்தை புரியலே. பேத்தி பக்கத்துலே இருந்தா அவகிட்டே கொடேன், கேட்டுக்கறேன்."